மந்தாரை இலையும் மூன்றாம் வகுப்பும்



தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் தட்டுக்கு வரும் காய்கறி எப்படி விளைகிறது என்று பார்க்காமலே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். தோட்ட வேலையையும் எளிய சமையலையும் மூன்றாம் வகுப்பிலேயே பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறிக்குப் போக மிஞ்சும் இடத்தில் தொட்டிச் செடிக்கே வழியில்லை. பள்ளி வளாகத்தை விட்டால் அந்தக் குழந்தைகளுக்கு மண் ஏது? அங்கே விதைத்தால் ஒரு பாத்தி சிறுகீரை சுமார் நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும்.

சமையலுக்கு நம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியே இருக்கிறது. அரிசியும் உளுந்தும் அளக்கும்போதே பின்னம் புரிந்துவிடும். ராத்திரி கரைத்த மாவு காலையில் ஏன் பொங்கி நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு இடிக்கட்டும். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பட்டும். அடுப்பு வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இந்தத் தோட்ட, சமையல் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளைகள் கைகழுவும் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் பாசனத்துக்குத் தனிச் செலவும் இல்லை.

– ஒரு வாசகர், காஞ்சிபுரம்