சாலைக்கு இடும் ஜல்லி

திருநெல்வேலி ஜில்லாவின் தென்பகுதியில், வள்ளியூர் வட்டாரத்துப் பாறைகள் நாள்தோறும் ஜல்லியாகின்றன. அதில் ஒரு பங்கு கேரளத்துக்குச் செல்கிறது; ஒரு பங்கு நம் சாலைகளுக்கே அடித்தளமாகிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டியே செல்கிறது. வெட்டிய குன்று மறுபடி வளராது. ஆகவே, அக்கல் ஒழுங்காகப் பயன்படுகிறதா என்று கேட்பது ஜனங்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

ரோலர் எவ்வளவுக்கெவ்வளவு ஓடுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு சாலை உறுதிப்படும் என்பது பலருடைய எண்ணம். இது பாதி உண்மையே. ரோலரின் பாரம், கற்கள் ஒன்றையொன்று தொடும் முனைகளில்தான் இறங்குகிறது. ஒரே அளவான ஜல்லியாயின் தொடும் முனைகள் சில, அவை நொறுங்கும். பெரியதும் சிறியதும் முறைப்படி கலந்திருந்தால் பாரம் பல முனைகளுக்குப் பங்கிடப்படும், உடைவு குறையும். சிறிது உடைந்து இடைவெளி நிரம்புவதால் தீங்கில்லை. அளவு மிஞ்சினாலோ, மேலே பொடி, கீழே பொள்ளல் என்றாகும். நீர் வடியும் வழியும் அடைபடும்.

மத்திய சர்க்காரின் விதிப்படி, நீர் கலந்து இடும் ஜல்லி அடுக்கானது, பரிசோதனைச் சாலையில் கண்ட உச்ச அடர்த்தியில் நூற்றுக்கு 98 பங்கை எட்ட வேண்டும். விதி நல்லதே. ஆனால் கல் பொடிந்து இடைவெளி நிரம்பினாலும் அடர்த்தி ஏறுமன்றோ? அடர்த்தி என்னும் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பளிப்பது நியாயமாகாது.

நீரையும் மறத்தலாகாது. 1930-களில் கலிபோர்னியாவில் கட்டப்பட்ட காக்ஸ்வெல் அணை, உலர்ந்த பாறைகளைக் கொட்டி எழுப்பப்பட்டது. பெருமழை பெய்ததும் வெகுவாக அமிழ்ந்தது. நனைந்த கல்லின் முனைகள் எளிதில் உடையும் என்பதே காரணம். பாலத்தையொட்டிய மேடுகளைச் சரிவர நனைத்து இறுக்காவிடில், நம் ஐப்பசி கார்த்திகை மழையும் அதே பாடத்தைத்தான் கற்பிக்கும்.

செய்ய வேண்டியது அரிதன்று. ரோலர் ஓடுமுன்னும் ஓடிய பின்னும் ஜல்லியைச் சலித்து, எவ்வளவு பொடிந்தது என்று கணக்கிட வேண்டும். குழி தோண்டி, எடுத்ததை நிறுத்து, அளந்த மணலால் குழியை நிரப்பி அடர்த்தி காண வேண்டும். இவ்விரு முடிவுகளையும் வேலை நடக்குமிடத்திலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். அதிகாரிகள் இதற்குத் தயங்கினால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சர்க்கார் வேலையைப் பார்வையிடவும், அதில் இடும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அது பிரஜைக்கு உரிமை தந்துள்ளது. இவ்வுரிமையைக் கையாள நம் ஊழியர்கள் முன்வர வேண்டும்.

குன்றைக் கொடுத்தவர்கள் வள்ளியூர் வட்டாரத்தார். அதற்கு ஈடாக அவர்கள் பெறுவது நல்ல சாலையாக இருக்கட்டும், புழுதியாக இருக்கலாகாது.