ஆராய்ச்சி மாணவரின் அன்றாடம்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும், திடீரெனத் தோன்றும் பேரறிவையே நம்மவர் பலர் கற்பனை செய்கின்றனர். ஆராய்ச்சி மாணவரின் நாட்களோ பெரும்பாலும் கைவேலையிலும் காத்திருத்தலிலுமே கழிகின்றன.

கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டத்துக்காக உழைத்த ஜொசலின் பெல்லை நோக்குக. நாலரை ஏக்கர் நிலத்தில் வானொலித் தொலைகாட்டியை அமைப்பதற்கு, ஏனையோருடன் சேர்ந்து இரண்டாண்டுகள் சம்மட்டி பிடித்தார். 1967 இல் அது இயங்கத் தொடங்கியதும், நாள்தோறும் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான வரைபுத்தாளைத் தம் கண்களாலேயே ஆராய்ந்தார். அதில் ஓரங்குலத்துக்கும் குறைவான கீறலொன்று அவர் மனத்தை உறுத்தியது. வீண் இரைச்சலென்று தள்ளியிருக்கலாம்; தள்ளினாரல்லர். ‘பல்சர்’ எனப்படும் துடிப்பு விண்மீன்கள் அவ்வாறே கண்டறியப்பட்டன.

1974 இல் இதற்கான நோபெல் பரிசு அவருடைய மேற்பார்வையாளர் அந்தனி ஹியூவிஷுக்குச் சென்றது, மாணவிக்குப் பங்கில்லை. 2018 இல் தமக்குக் கிடைத்த 30 இலட்சம் டொலர் பரிசையோ, வாய்ப்புக் குறைந்த மாணவர் பௌதிகவியல் ஆராய்ச்சியில் ஈடுபடுவதற்கென அவர் வழங்கிவிட்டார்.

நாம் பரீட்சைப் பெறுபேறுகளையே பெரிதும் போற்றுகின்றோம். பரீட்சை வினாவுக்கு விடை முன்னரே உண்டு. ஆராய்ச்சி வினாவுக்கு இல்லை. விடை தெரியாத வினாவோடு பல மாதம் பொறுத்திருக்கும் பழக்கத்தையும் நம் ஆய்வுகூடங்கள் பயிற்றுதல் வேண்டும்.

பழைய மாணவர்களே! கட்டடங்களுக்கு நிதி திரட்டும் நாம், ஆண்டுதோறும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரையேனும் தாங்குவோமாயின், இவ்விழாவுக்கு அதனினுஞ் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.