இலையைக் குறைத்தால் விருந்து ஆகுமா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் கார் பந்தயத் திடலில், 1982 முதல் தொடர்ந்து 55 நாஸ்கார் பந்தயங்களுக்கு டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. 2010 மார்ச்சில் அந்தத் தொடர் அறுந்தது. புளோரிடாவின் டேடோனா திடலோ, 40 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2016-இல் திறந்தபோது, எதிர்ப்புறப் பார்வையாளர் மாடமே இல்லாமல், சுமார் 1,01,500 இருக்கைகளாகச் சுருங்கியிருந்தது. கூட்டம் குறைந்ததற்கு 2008 பொருளாதாரச் சரிவு, பந்தய நாட்களில் எகிறும் விடுதி வாடகை, வீட்டிலேயே தெளிவாகக் காட்டும் தொலைக்காட்சி என்று காரணங்கள் பல. அவற்றைச் சரிசெய்யாமல் இருக்கைகளை மட்டும் கழற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பந்திக்கு ஆள் குறைந்தால் இலையைக் குறைப்பது தீர்வல்ல. சமையலைக் கவனிக்க வேண்டும். 1996-க்குப் பின் முதல்நிலைப் பந்தயத்தை இழந்து பாழடைந்து கிடந்தது வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்போரோ திடல். 2023-இல் அந்தச் சிறு திடலுக்கு நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயம் திரும்பியதும் மக்கள் திரண்டு வந்தார்கள். ரசிகர்களுக்குப் பந்தயம் அலுத்துவிடவில்லை. சொந்த ஊர்ப் பக்கத்தில், கைக்கு எட்டும் விலையில், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வழிசெய்யுங்கள். மாடங்கள் தாமாக நிறையும்.