மூன்றாவது தடவை கேட்ட கேள்வி



"எத்தனை தடவைதான் ஒரே கேள்வியக் கேப்பாளுவ? மறதி நமக்கா, அவளுவளுக்கா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமியார் சலித்துக்கொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

என் கொழுந்தன் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை சிசேரியன். இதற்கும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். காலை எட்டு மணிக்குத் தியேட்டர். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். துணைக்கு நானும் மாமியும் திற்பரப்பிலிருந்து போய்த் தங்கியிருந்தோம்.

விடிகாலை நான் குளிக்கப் போன நேரம். மாமிக்கு மனசு கேட்கவில்லை. "பிள்ளைத்தாச்சி வெறும் வயித்தோட கிடக்கப்பிடாது. ஒரு மடக்கு குடி மக்ளே, யாருக்குத் தெரியப் போவுது?" என்று பிளாஸ்க்கிலிருந்து பால் சாயா ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

வார்டு சிஸ்டர் வந்து, "ஏதாவது குடிச்சியாம்மா?" என்று கேட்டார். மாமி பக்கத்தில் நிற்கிறாரே! "இல்ல சிஸ்டர்" என்றாள். தியேட்டர் வாசலில் வேறொரு சிஸ்டர் அதையே கேட்டார். அப்போதும் "இல்ல". அப்போதுதான் மாமி அப்படிச் சலித்துக்கொண்டது. உள்ளே போனபின், மயக்க மருந்து கொடுக்குமுன், மூன்றாவது தடவை கேட்டார்கள். "உன் பேர் என்ன? என்ன ஆபரேஷன்? கடைசியா எப்ப, என்ன சாப்பிட்ட?" மாமி இல்லாத அந்த இடத்தில்தான் அவள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள்.

சிஸ்டர் வெளியே வந்தார். திட்டுவார் என்று நாங்கள் பயந்து நின்றோம். அவர் மாமியை பெஞ்சில் உட்காரவைத்து, "இப்பவாவது சொன்னாளே, நல்லதாப் போச்சு. தாய்க்கும் பிள்ளைக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல. மத்தியானம் வச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றார். பிறகு காரணத்தையும் விளக்கினார். முழு மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே ஏறி, மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குள் போய்விடலாம். விழித்திருந்தால் இருமித் துப்பிவிடுவோம். மயக்கத்தில் அது நடக்காது. உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு, வயிற்றில் பிள்ளை அழுத்திக்கொண்டிருப்பதால், இந்த அபாயம் இன்னும் அதிகம். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனிலும் நடுவில் முழு மயக்கம் கொடுக்க நேரலாம். பால் கலந்த சாயா தண்ணீரைப் போல அல்ல, பலகாரத்துக்குச் சமம்; ஜீரணமாக ஆறு மணி நேரம் விடவேண்டுமாம்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகம்.

அன்றைக்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது மறதி இல்லை, முறை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டருக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே வருமுன் என்று மூன்று கட்டமாக அதை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நம் புதுடெல்லி உள்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அதற்கு முன் ஆபரேஷன் ஆன ஆயிரம் பேரில் 15 பேர் இறந்தார்கள். பட்டியல் வந்தபின் அது 8 ஆகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது மிஷின் இல்லை. கேட்டதும் எண்ணியதும்தான்!

எண்ணுவது என்றேனே, அது நர்ஸுகளின் இன்னொரு பெரிய பொறுப்பு. கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தால், கரண்டி வரை எண்ணி வாங்கி, எண்ணித்தானே திருப்பிக் கொடுக்கிறோம்? தியேட்டரிலும் பஞ்சுத்துணி, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் ஆரம்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து சத்தமாக எண்ணுவார்கள். தையல் போடுமுன் மறுபடி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் தேடவேண்டும். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதற்காகவே அந்தத் துணியில் எக்ஸ்ரேயில் தெரிகிற இழை வைத்திருக்கும். நம் பக்கத்துக் கேரளத்தில் 2022-ல் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து இடுக்கி போன்ற ஒரு கருவியை எடுத்தார்கள். 2017-ல் நடந்த சிசேரியனில் உள்ளே தங்கிவிட்டது என்பது அவருடைய புகார். ஐந்து வருஷ வேதனை! எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

சரி, நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியவை:

1. சாப்பாடு, தண்ணீர் விஷயத்தில் ஆஸ்பத்திரியில் சொன்ன நேரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். தவறிக் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள்.

2. ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். வைத்தியசாலைக் கஷாயமும் லேகியமும் மருந்துதான், அதையும் விடாதீர்கள்.

3. நகப்பூச்சை முதல் நாளே அழித்துவிடுங்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை விரலில்தான் மாட்டுவார்கள். பூச்சு இருந்தால் கணக்குத் தப்பலாம். நகைகளைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கட்டுப்பல், ஆடுகிற பல் இருந்தால் சொல்லுங்கள்.

4. வீட்டிலேயே பிளேடால் முடி மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி புகுந்துவிடும். தேவையானால் அவர்களே வெட்டிவிடுவார்கள்.

5. பெயரையும், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூடப் போகிற பெரியவர்களிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மிகவும் அவசியம். அவர்கள் செய்வது பாசத்தால்தான். ஆனால் நர்ஸம்மா கேட்கும்போது நோயாளி பயமில்லாமல் பதில் சொல்ல, நாம் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும்.

என் மாமி இப்போது ஊரில் யார் ஆபரேஷனுக்குப் போனாலும் முதல் நாளே அந்த வீட்டுக்குப் போய், "சாயா கீயா ஒண்ணும் குடுத்திராதீங்க, கேட்டேளா!" என்று சொல்லிவிட்டு வருகிறார்.