மாத்திரையின் சினமும் மழலையின் குணமும்

குழந்தையின் கோபத்தைச் சுட்டத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அடம், பிடிவாதம், முரண்டு, வீம்பு, ஆங்காரம் என அடுக்கிக்கொண்டே போகலாம். இவையனைத்தும் கோபத்தைப் பிறவிக் குணமாகவோ வளர்ப்பின் குறையாகவோ கருதுபவை. உட்கொள்ளும் மருந்தும் ஒரு குழந்தையின் குணத்தைத் திரித்துவிடக்கூடும் என்பதைச் சொல்ல நம் அன்றாடப் பேச்சில் ஒரு சொல் இல்லை. இந்த இல்லாமையின் சுமையைச் சிறுநீரக நோய்க்காக ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தைகள் சுமக்கிறார்கள்.

நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் எனப்படும் நோய் பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் தலைகாட்டுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுற, இரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது. காலையில் கண்ணிமைகள் வீங்குகின்றன. பின்னர் காலும் வயிறும். பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையே முதன்மை மருந்து. இந்தியாவில் முதல்முறை நோய் காணும்போது, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் 6 வாரம் நாள்தோறும், பிறகு 1.5 மில்லிகிராம் வீதம் 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தருவது வழக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வீக்கம் வடிந்துவிடுகிறது. ஆயினும் அவர்களுள் பலருக்கு நோய் மீள்கிறது. கூடவே மாத்திரையும் மீள்கிறது.

மாத்திரையோடு அடங்காப் பசி வருகிறது. உறக்கம் கெடுகிறது. காரணமற்ற அழுகை, எரிச்சல், அடித்தல், பொருள்களை வீசுதல் ஆகியன தொடர்கின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் இவை ஒரே அளவில் நேர்வதில்லை. மருந்தின் அளவு மிகுந்திருக்கும் வாரங்களில் கூடி, அளவு குறையும்போது பெரும்பாலும் தணிகின்றன. சுற்றத்தார் இதை அறியார். 'செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை' என்று தாயின் தலையில் பழி விழுகிறது. பள்ளியிலோ உப்பிய முகம் கேலிக்குள்ளாகிறது. அதற்குச் சினந்தால் தண்டனையும் கிட்டுகிறது.

மருத்துவ உலகுக்கு இது புதிய செய்தியன்று. கார்ட்டிசோன் உள்ளிட்ட ஹார்மோன்களின் ஆய்வுக்காகக் கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவர் நோபல் பரிசு பெற்றது 1950இல். அடுத்த ஆறாம் ஆண்டிலேயே நிகோலஸ் ரே 'பிக்கர் தேன் லைஃப்' திரைப்படத்தை எடுத்துவிட்டார். கார்ட்டிசோனை அளவுமீறி உட்கொள்ளும் பள்ளி ஆசிரியர் ஒருவர் மனைவிக்கும் மகனுக்கும் கொடுங்கோலராக மாறும் கதை அது. அந்த ஆசிரியரின் ஆவேசத்துக்குப் பின்னே மருந்து இருப்பதைப் பார்வையாளர் உணர்கிறார். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தச் சலுகையை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

'முன்கூட்டிச் சொன்னால் பெற்றோர் அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவர்' எனச் சில மருத்துவர்கள் தயங்கக்கூடும். அந்த அச்சம் நியாயமானதே. நாள்பட உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், ஓய்ந்து கிடக்கும் அட்ரீனல் சுரப்பி உடனே ஈடுகொடுக்க இயலாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆனால் சொல்லாமல் விடுவதே நிறுத்துவதற்கு வழிகோலும் என்பது நம் எண்ணம். காரணம் புரியாமல் களைத்த வீடுதான் மாத்திரையைத் தானே குறைக்கத் துணியும். இன்னது வரும், இன்ன காலத்தில் தணியும் என்று அறிந்த வீடு பொறுத்திருக்கும். மிஞ்சினால் மருத்துவரிடம் செல்லும்.

நோயின் துன்பமும் ஊசியின் அச்சமும் உப்புக் கட்டுப்பாடும்கூடக் குழந்தையைச் சிணுங்க வைக்கும். எல்லாவற்றையும் மாத்திரையின் மேல் ஏற்றிவிட்டு, கண்டிப்பே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. அடிக்காதே என்று சொல்லத்தான் வேண்டும். 'நீ கெட்டவன்' என்று சொல்லலாகாது.

இக்குழந்தைகளின் பெற்றோர் காலைச் சிறுநீரில் புரதம் உள்ளதா எனச் சோதித்து ஒரு நோட்டில் குறித்து வருகின்றனர். அதில் உறக்கத்துக்கும் சினத்துக்கும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். மருத்துவர் அதையும் படிக்க வேண்டும். அந்தக் குறிப்பின் சாரம் வகுப்பாசிரியரையும் எட்ட வேண்டும். செலவில்லாத இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு குழந்தைகள் சிறுநீரகப் பிரிவும் நாளையே தொடங்கலாம்.