வெயிலைத் தாங்கும் உடல் யாருடையது?

சென்ற கத்திரியில் ஆய்வுப் பணியின் நிமித்தம் வேப்பம்பட்டை அடுத்த ஒரு சங்கத்துக்குச் சென்றிருந்தோம். அன்று நிர்வாகக் குழுவும் கூடியிருந்தது. மூட்டைகளை ஏற்றி இறக்கும் களத்தில் ஒரு பந்தலிட்டுத் தண்ணீர்ப் பானைகள் வைக்கப் பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கவேண்டும் என்பது பொருள். மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "களத்து ஆட்கள் பரம்பரையாக வெயிலில் நின்றவர்கள். அவர்கள் உடம்பே அதற்கென்று அமைந்தது. அவர்களுக்குப் பந்தல் எதற்கு?" என்றார். எவரும் மறுத்துரைக்கவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கத்திரி வெயிலைத் தள்ளிவைக்க எந்தக் குழுவாலும் இயலவில்லை.

அப்பெரியவர் தீய எண்ணத்துடன் பேசினார் என்று நாம் கருதவில்லை. நம்மில் பலர் நம்புவதையே அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆதலின் அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய் என்பதை ஆராய்வது நம் கடமையாகிறது.

மனித உடல் வாழும் இடத்துக்கேற்ப வேறுபடுவது உண்மையே. கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டர் உயரத்தில், பிராணவாயு குறைந்த காற்றில் திபெத்தியர் இயல்பாக வாழ்வதற்கு அவர்களுடைய மரபணுக்களில் ஏற்பட்ட மாறுதல் துணை செய்கிறது. நம் நீலகிரியின் பழங்குடி மக்கள் சிலரிடம் அரிவாள் வடிவ இரத்த அணுக்கள் உண்டென்பது 1952-இல் வெளியாயிற்று. இந்தக் கூறைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையோ கொடிய இரத்த சோகைக்கு ஆளாகிறது. இயற்கை அளிக்கும் காப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை இதனால் அறியலாம்.

நமது கறுத்த தோலும் இத்தகைய ஒரு காப்பே. தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. ஆனால் கதிரைத் தடுப்பது வேறு, வெப்பத்தைத் தடுப்பது வேறு. கறுத்த தோல் வெளிச்சத்தைச் சற்று மிகுதியாகவே உட்கொள்ளும். உடலின் சூட்டை அது தணிப்பதில்லை.

சூட்டைத் தணிப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. வெயிலில் நாள்தோறும் சிறிது சிறிதாக உழைத்து வந்தால், ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கிறது, அதில் உப்புக் குறைகிறது, நாடித்துடிப்பும் நிதானப்படுகிறது. இப்பழக்கம் எக்குலத்தாருக்கும் எந்நாட்டாருக்கும் கைகூடும். வெயிலைவிட்டுச் சில வாரங்கள் விலகியிருந்தால் எவருக்கும் அது கைவிட்டுப்போகும். ஆகவே காய்ச்சலில் கிடந்து எழுந்து வருகிறவர், பரம்பரைக் களத்துக்காரரே ஆயினும், முதல் நாள் வெயிலுக்குப் புதியவரே.

பழகிய உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. கடலுக்கு அணித்தான நம் வட்டாரத்தில் இது அடிக்கடி நேர்வது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிதற்றலும் மயக்கமும் காணும், உயிருக்கே ஆபத்து.

நெசவாளர் நிழலில் இருக்கிறார், அவருக்கென்ன என்று கேட்கலாம். பாவு காய்ந்து இழை அறும் என்று சன்னலை அடைத்து, தகரக் கூரையின் கீழ்க் குழித்தறியில் அமர்ந்திருப்பவரைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். வெப்பமும் ஈரமும் அங்கே ஒருங்கே இருக்கின்றன. களத்துக்காரருக்குள்ள அதே ஆபத்து அவருக்கும் உண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை அரியன அல்ல. புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்து நாளுக்கு நாள் கூட்டுவது பிற நாடுகளில் கைக்கொள்ளப்படும் முறை. கால்மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் வேண்டும். உப்பிட்ட நீர்மோர் இன்னும் நன்று. பளுவான வேலையை விடியற்காலைக்கும் மாலைக்கும் மாற்றலாம். தறிக்கூடத்தின் கூரைமேல் ஓலை வேயலாம். தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்துள்ளது. பந்தலுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். போன உயிரையோ 4 இலட்சமும் மீட்டுத் தராது.

ஒருவருக்கு நிழலை மறுப்பதற்கு அவருடைய உடலையே காரணம் காட்டுவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் அது கூட்டுறவு ஆகாது. நிகர இலாபத்தில் ஒரு பகுதியைப் பொது நலத்துக்கென்று ஒதுக்கும்போது, அந்தப் பொதுவில் மூட்டை சுமப்பவரும் சேர்ந்தவரே. அடுத்த கத்திரிக்கு முன்பாகவே அந்தத் தீர்மானம் மீண்டும் குழுவின் முன் வரும் என்று நம்புகிறோம். அப்போது அப்பெரியவரே எழுந்து அதனை வழிமொழிவாரானால் நாம் பெரிதும் மகிழ்வோம்.