ஐந்தாவது படி

ஸ்டொக்ஹோமில் ஒரு பழைய மாடிக் குடியிருப்பின் படிகளை 11 வருடமாகத் துடைத்து வருகிறேன். செம்மண் நிறக் கல். காய்ந்திருந்தால் மங்கலாகக் கிடக்கும். ஈரத்துணி பட்டதும் உள்ளே இருப்பதெல்லாம் எழும்பி வரும். முதல் மாடிக்கு ஏறும்போது ஐந்தாவது படியில் ஒரு சாண் நீளத்துக்கு ஓர் உருவம். ஒரு முனை கூர், மறுமுனை அகலம், குறுக்கே மூங்கில் கணுப்போல வரிசையாகக் கோடுகள்.

முதல் வருடம் அதைக் கறை என்றே நினைத்தேன். மேற்பார்வையாளரும் அப்படித்தான் சொன்னார். தேய்க்கச் சொல்லி, அமிலம் கலந்த திரவம் ஒன்றைத் தந்தார். தேய்த்தேன். கல் நுரைத்தது. உருவம் போகவில்லை, கல்லின் பளபளப்புத்தான் போனது. உள்ளங்கை அளவு இடம் இன்றைக்கும் சொரசொரப்பாக இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் அமிலம் படக்கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அது உயிர் வாழ்ந்த ஒன்றின் ஓடு என்று சொன்னவர், அந்த மாடியில் குடியிருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் ஆர்த்தோசெராட்டைட். கிரேக்க மொழியில் நேரான கொம்பு என்று பொருள். கணவாயின் தூரத்து உறவு. கடற்கரையில் கணவாய் ஓடு பொறுக்கிய எவருக்கும் இது எளிதில் விளங்கும். கணவாய் ஓட்டுக்குள் நுண்ணிய அறைகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள வாயுதான் கணவாயை மிதக்க வைக்கிறது. ஆர்த்தோசெராட்டைட்டும் அப்படித்தான் மிதந்தது. நான் கண்ட குறுக்குக் கோடுகள் அறைச் சுவர்கள். அகன்ற முனையில் உடல் இருந்தது. எல்லா அறைகளையும் ஊடுருவி ஒரு மெல்லிய குழாய் ஓடியது. உற்றுப் பார்த்தால் அந்தக் குழாயின் தடம்கூட என் படியில் தெரிகிறது.

சுவீடனின் ஓலண்ட் தீவிலும் சின்னெகுல்லெ மலையிலும் இந்தக் கல்லை வெட்டி எடுக்கிறார்கள். சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே கடலுக்கு அடியில் கிடந்தபோது படிந்த சேறு இது. சின்னெகுல்லெயில் உள்ள தோர்ஸ்பெரி கற்குழியில் தரைக்குக் கல் அறுக்கும் தொழிலாளர்கள், கரும்புள்ளி விழுந்த பலகைகளைப் பழுது என்று முன்பு ஒதுக்கி எறிந்து வந்தார்கள். அந்தப் புள்ளிகள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு சிறுகோள் உடைந்து சிதறியதில் அந்தக் கடலில் வந்து விழுந்த விண்கற்கள். 1990களில் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடத் தொடங்கியபோது, கல் அறுப்பவர்களும் கண் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். இதுவரை நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

எறிந்த கைகளும் எடுத்துக் கொடுத்த கைகளும் ஒரே தொழிலைச் செய்தவைதான். என்ன பார்க்க வேண்டும் என்று இடையில் யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கல்லை முதலில் தொடுவது ஆய்வாளர் அல்ல. அறுப்பவர், பதிப்பவர், துடைப்பவர். வேலையில் சேரும் நாளிலேயே அவர்களுக்கு அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். அரை மணி நேரம் போதும். அவர்கள் எதையாவது கண்டு சொன்னால் காது கொடுங்கள்.

இது சுவீடனுக்கு மட்டும் சொல்வதல்ல. எங்கள் யாழ்ப்பாணம் நிற்பதும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான். காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டிய பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கல்லும் ஒரு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கடல்தான். கிணறு வெட்டியவர்கள் சிப்பி பதிந்த கற்களை மேலே தூக்கிப் போடுவார்கள். நாங்கள் சிறுபிள்ளைகள் பொறுக்கி விளையாடுவோம். அது என்ன என்று ஒருநாளும் ஒருவரும் எங்களுக்கு விளக்கவில்லை. தமிழ்நாட்டில் அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கங்களில், கல்லில் பதிந்த சுருள் ஓடுகளோடு வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்ல ஆள் வேண்டும்.

என்னோடு புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளை முதலில் அந்த ஐந்தாவது படிக்குத்தான் கூட்டிப்போகிறேன். சொரசொரப்பான இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். அது நான் செய்த காயம் என்று சொல்கிறேன். பிறகு வெறும் தண்ணீரில் துணியை நனைத்துக் கையில் கொடுக்கிறேன்.